பயர்மேன் ஆக என்ன சர்ட்டிபிகேட் வேண்டும்?



இந்தக் கட்டுரை பிறந்ததே ஒரு சிரிப்பில்தான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன்னால் நம் பிளேஸ்மென்ட் சார் ஆளுக்கொரு தாள் கொடுத்து, "உன் லட்சியம் என்ன? ஒரே வரியில் எழுது" என்றார். ஓசூர் என்று எழுதியவர்கள் பாதி, ஸ்ரீபெரும்புதூர் என்று எழுதியவர்கள் பாதி. நாலைந்து பேர் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. என்று எழுதியிருந்தார்கள். நான் எழுதியது 'தீயணைப்பு வீரர்'. சார் அதைச் சத்தமாக வாசித்ததும் வகுப்பே அதிர்ந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஏலே, மூணு வருஷம் கரண்டைப் படிச்சிட்டுக் கடைசியில தண்ணி அடிக்கவா போற?"

நானும் சிரித்தேன். பொய் சொல்லவில்லை, ஜோக் நல்ல ஜோக்தான். ஆனால் அன்று ராத்திரி மெஸ்ஸில் உப்புமாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது நண்பர்கள் ஒவ்வொருவராக வந்து கொடுத்த அறிவுரைதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மச்சான், பயர்மேன் ஆகணும்னா சும்மா ஆக முடியாது. ஒரு வருஷம் பயர் அண்டு சேப்டி கோர்ஸ் முடிச்சு சர்ட்டிபிகேட் வாங்கணும். எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியிருக்கான்." பத்துப் பேரிடம் கேட்டேன். எட்டுப் பேர் இதையேதான் சொன்னார்கள். மீதி இரண்டு பேர் சாம்பாரில் கவனமாக இருந்தார்கள்.

அந்த எட்டுப் பேருக்காகத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் அந்தப் போஸ்டரை நம்பிய ஒருத்தர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். என் பெரியம்மா மகன். அண்ணன் என்றே சொல்லிவிடுகிறேன், பேர் வேண்டாம்.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே சிவப்பு வண்டி மேல் ஒரு பைத்தியம். எங்கள் ஊர் சிவகாசிப் பக்கம். மற்ற ஊர்ப் பிள்ளைகள் ரயிலைப் பார்த்துக் கையசைப்பது போல் நாங்கள் பயர் சர்வீஸ் வண்டியைப் பார்த்துக் கையசைத்து வளர்ந்தவர்கள். மணி அடித்துக்கொண்டு அது எந்தத் திசையில் போகிறது என்று பார்த்து, அந்தத் திசையில் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பெண்கள் தெருவில் நின்று கணக்குப் பார்ப்பார்கள். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேர் இறந்தார்கள். அவர்களில் கணிசமானோர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடியைக் கேட்டு உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்கள், அடுத்த பெரிய வெடியில் மாட்டிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எங்கள் பக்கம் பல வருஷம் அடங்கவில்லை. "உதவிக்குப் போறதுக்கும் படிச்சிருக்கணும்டா" என்று அண்ணன் அடிக்கடி சொல்வார். அந்த ஒரு வாக்கியம்தான் அவரை ஏமாற வைத்தது என்பது வேறு விஷயம்.

பிளஸ் டூ முடித்ததும் அண்ணன் அந்தப் போஸ்டரைப் பார்த்தார். ஹெல்மெட் போட்ட ஆள், பின்னால் தீ ஜுவாலை, மேலே '100 சதவீதம் அரசு வேலை வாய்ப்பு', கீழே ஒரு செல் நம்பர். கட்டணம் 45 ஆயிரம். பெரியம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. ஒரு வருஷம் ஒரு மாடியில் வகுப்பு. யூனிபார்ம் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், எப்போதோ ஒரு நாள் ஒரு டிரம்மில் டீசலைக் கொளுத்தி அணைத்துக் காட்டினார்கள். முடிவில் தங்க நிற பார்டர் போட்ட சர்ட்டிபிகேட். அண்ணன் அதை லேமினேட் செய்து சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அப்புறம் அறிவிப்பு வந்தது. விண்ணப்பத்தில் அந்தச் சர்ட்டிபிகேட்டைக் குறிப்பிட ஒரு கட்டம்கூட இல்லை! சரி, நேரில் காட்டிக்கொள்ளலாம் என்று எழுத்துத் தேர்வை எழுதினார். பாஸும் ஆனார். அசல் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் பைலைத் திறந்து முதலில் அந்த லேமினேஷனைத்தான் எடுத்து நீட்டினாராம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகவே சொல்லியிருக்கிறார்: "இது தேவையில்லை தம்பி, நீங்களே வெச்சுக்கிடுங்க. பத்தாவது மார்க் ஷீட் குடுங்க."

அதையாவது தாங்கிக்கொள்ளலாம். அடுத்து உயரம் அளந்தார்கள். வேண்டியது 170 சென்டிமீட்டர். அண்ணன் 169.2.

எட்டு மில்லிமீட்டர்! நம் ஒர்க்ஷாப்பில் பைலிங் போடும்போது நாம் 'போனால் போகட்டும்' என்று விடும் அளவு. அந்த எட்டு மில்லிமீட்டரை 45 ஆயிரம் வாங்குவதற்கு முன் ஒரு டேப்பை வைத்து, சுவரில் நிற்க வைத்து, அந்த மாடிக்காரர்களே அளந்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அளக்கவில்லை. அளந்தால் சங்கிலி அடகுக்குப் போகாதே!

எனக்கு அவர்கள் மேல் உள்ள கோபம் இதுதான். பாடம் சரியாக நடத்தவில்லை என்பதெல்லாம் இரண்டாவது.

சரி, உண்மையில் என்னதான் கேட்கிறார்கள்? தமிழ்நாட்டில் தீயணைப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே பொதுத் தேர்வு. 2023-ஆம் ஆண்டு அறிவிப்பில் மொத்தம் 3359 இடங்கள், அதில் 674 தீயணைப்பாளர். கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு தேர்ச்சி. ஆமாம், நாம் பாலிடெக்னிக்கில் சேரக் காட்டினோமே, அதே மார்க் ஷீட். வயது 18 முதல் 26 வரை, பி.சி., எம்.பி.சி.க்கு 28 வரை, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31 வரை. உயரம் 170 சென்டிமீட்டர், எஸ்.சி., எஸ்.டி.க்கு 167. மார்பு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும்.

எழுத்துத் தேர்வில் முதலில் தமிழ் மொழித் தகுதித் தேர்வு, 80 கேள்விகள். அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற விடைத்தாளைத் திருத்தவே செய்வார்கள். மற்றது பொது அறிவும் உளவியலும் சேர்ந்து 70 மார்க். பிறகு 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓட வேண்டும். அதில் தேறியவர்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். இதற்கு 24 மார்க். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு மூன்றுக்கும் தலா 2 வீதம் 6 மார்க். ஆகக் கூட்டினால் நூறு.

அந்த நூறில் 'பயர் அண்டு சேப்டி' சர்ட்டிபிகேட்டுக்கு எத்தனை மார்க் என்று நீங்களே தேடிப் பாருங்கள். நம் காலேஜில் சனிக்கிழமை என்.எஸ்.எஸ். கேம்ப் என்றால் ஓடி ஒளிகிறோமே, அதற்கு 2 மார்க் இருக்கிறது. அந்தத் தங்க பார்டருக்கு இல்லை. (என்.எஸ்.எஸ். சார் இதைப் படித்தால் மகிழ்வார்.)

"பத்தாவது போதும்னா அது சாதாரண வேலைதானேடா?" என்று அடுத்த கேள்வி வரும். வந்தது. மெஸ்ஸிலேயே வந்தது.

பத்தாவது போதும் என்பது வாசலில் கேட்கும் டிக்கெட். உள்ளே போனபின் மூளைக்கு எவ்வளவு வேலை தெரியுமா? தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். தீக்குத் தண்ணீர், இதில் என்ன படிப்பு என்று நினைக்கிறோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1700 லிட்டர் நீராவி. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் அது எண்ணெய்க்கு அடியில் போய் ஒரே நொடியில் இப்படி விரிந்து, எரிகிற எண்ணெயைத் தூக்கி முகத்தில் அடிக்கும். பெட்ரோலில் ஊற்றினால் பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்துகொண்டே அடுத்த வீட்டுக்கு எரிந்துகொண்டு போகும். சமையல் காஸ் காற்றைவிடக் கனம். அது மேலே போகாது, தரையோடு தவழ்ந்து சாக்கடைக் குழியிலும் படிக்கட்டின் அடியிலும் போய் உட்காரும். வால்வை மூட முடியாத நிலையில் காஸ் தீயை மட்டும் அணைத்துவிட்டால் 'அணைந்துவிட்டது' என்று கைதட்டக் கூடாது. இனிமேல்தான் ஆபத்து. எரியாமல் வெளியேறும் காஸ் எங்கேயோ ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பூட்டிய அறைக்குள் பிராணவாயு தீர்ந்து நெருப்பு தூங்குவது போல் இருக்கும், கதவைத் திறந்தால் காற்று உள்ளே போய் மொத்தமாக வெளியே சீறும். அதனால்தான் கதவைத் திறப்பதற்கு முன் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இவையெல்லாம் தப்பாகப் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கதை தேட வேண்டாம். 2017 ஜூலையில் சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரித் தீயில் சிலிண்டர் வெடித்து ஒரு தீயணைப்பாளர் இறந்தார், பலர் கருகினார்கள். 2020 தீபாவளி அன்று, நாம் வெடி போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மதுரையில் ஒரு பழைய ஜவுளிக்கடைக் கட்டிடம் இடிந்து விழுந்து இரண்டு தீயணைப்பாளர்கள் போனார்கள். சுவர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஸ்ட்ரக்சர் பாடம்தானே? சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்கள் யோசிக்கட்டும்.

இந்தியா முழுவதும் ஏப்ரல் 14 தீயணைப்போர் நினைவு நாள். 1944-இல் அதே தேதியில் பம்பாய் விக்டோரியா துறையில் 'போர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல் எரிந்தது. பருத்திப் பொதியும் வெடிமருந்தும் ஒரே கப்பலில்! அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் வெடியில் இறந்தார்கள். நமக்கு அன்று தமிழ்ப் புத்தாண்டு லீவு என்பதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

இப்போது என் டிபார்ட்மென்டுக்கு வருகிறேன். 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த மின்சார பைக் தீப்பிடித்து, புகையில் ஒரு தகப்பனாரும் அவர் மகளும் இறந்தார்கள். லித்தியம் பேட்டரித் தீ நாம் இதுவரை அறிந்த தீ மாதிரி இல்லை. உள்ளே ஒரு செல் சூடேறினால் பக்கத்து செல்லைச் சூடேற்றும், அது அடுத்ததை. கெமிக்கல் பவுடரை அடித்தால் வெளியே ஜுவாலை அடங்கும், உள்ளே சூடு அடங்காது. நிறையத் தண்ணீர் விட்டுக் குளிர வைக்க வேண்டும். அணைந்த பேட்டரி சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றும். வரும் புகையில் நச்சு வாயு. இதைச் செல், வோல்டேஜ், தெர்மல் ரன்அவே என்று மூன்றாம் வருஷத்தில் படிக்கிற பையன் ஒருத்தன் அந்த வண்டியில் இருந்தால் நல்லதா, இல்லையா? மெஷின்ஸ் லேபில் 'முதலில் மெயினை ஆப் பண்ணு' என்று நம் லேப் அசிஸ்டென்ட் அண்ணாச்சி மூன்று வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறாரே, தீ விபத்து நடந்த கட்டிடத்தில் முதல் வேலையும் அதுதானே!

ஆகவே என் வாதம் இரண்டு பக்கம் வெட்டும். தனியார் சர்ட்டிபிகேட் வேண்டாம் என்கிறேன். அதே வாயால், உண்மையான தொழில்நுட்பப் படிப்புக்கு ஒரு மதிப்பு கொடுங்கள் என்றும் அரசாங்கத்தைக் கேட்கிறேன். பத்தாவது தகுதியை உயர்த்தச் சொல்லவில்லை. அப்படி உயர்த்தினால் கிராமத்துப் பையன்கள் பலருக்கு வாசல் மூடிப்போகும், அது அநியாயம். அந்த 6 சிறப்பு மார்க்கோடு எலக்ட்ரிகல், மெக்கானிகல், சிவில், கெமிக்கல் டிப்ளமோவுக்கு இரண்டே இரண்டு மார்க் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

உடல் தேர்வைப் பற்றியும் எனக்கு ஒரு கருத்து உண்டு. அமெரிக்காவில் பல ஊர்களில் தீயணைப்பாளர் வேலைக்கு 'சிபாட்' என்று ஒரு பரீட்சை. 50 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 22 கிலோ 700 கிராம் எடையுள்ள அங்கியை மாட்டிக்கொண்டு எட்டு வேலைகளை வரிசையாக, நிற்காமல், 10 நிமிஷம் 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும். படி ஏறுவது, ஹோஸ் இழுப்பது, கருவி தூக்கி நடப்பது, ஏணி நிமிர்த்துவது, சம்மட்டியால் கதவை உடைப்பது போல் அடிப்பது, இருட்டுக் குகை போன்ற பாதையில் தவழ்வது, மயங்கிய ஆளுக்குப் பதிலாக ஒரு பொம்மையை இழுத்து வருவது, கூரையைக் குத்திப் பிரிப்பது. வேலையில் என்ன செய்யப் போகிறானோ அதையே பரீட்சையாக வைத்துவிட்டார்கள். அதன் பிறகு தீயணைப்பாளர் ஒன்று, இரண்டு என்று படிப்படியான சான்றிதழ், பல ஊர்களில் முதலுதவி சிகிச்சைச் சான்றிதழும் சேர்த்து.

நம் ஊரில் நீளம் தாண்டுகிறோம். எந்தத் தீ விபத்தில் நீளம் தாண்டி ஆளைக் காப்பாற்றப் போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை! ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். லட்சக்கணக்கில் விண்ணப்பிக்கிற ஊரில் ஒரு மைதானம், ஒரு கயிறு, ஒரு ஸ்டாப்வாட்ச் போதும் என்பது சின்ன வசதி இல்லை. ஏழைப் பையன் செலவில்லாமல் பயிற்சி எடுக்கலாம். கயிறு ஏறுவதை நான் ஆதரிக்கிறேன். கிணற்றில் விழுந்த மாட்டையும் ஆளையும் தூக்கவே நம் வண்டி பாதி நாள் ஓடுகிறது. நீளம் தாண்டுவதற்குப் பதில் தண்ணீர் நிறைந்த ஒரு ஹோஸை 30 மீட்டர் இழுக்கச் சொன்னால் போதும் என்பேன்.

நம் வகுப்புத் தோழிகள் இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால் அவர்களுக்கு ஒரு கேள்வி உரிமையாகவே வரும்: "எங்களுக்கு?" சொல்லவே வருத்தம். அந்த 2023 அறிவிப்பின் 674 தீயணைப்பாளர் இடங்களும் ஆண்களுக்கு மட்டும். காவலர் ஆகலாம், தீயணைப்பாளர் ஆக முடியாது. இத்தனைக்கும் 2003-இலேயே மீனாட்சி விஜயகுமார், பிரியா ரவிச்சந்திரன் என்ற இரு பெண்களை அதிகாரிகளாக இதே துறையில் சேர்த்தது நம் தமிழ்நாடு. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகத்தில் பழைய கலச மஹால் எரிந்தபோது உள்ளே போய்த் தீக்காயம் பட்டவர் அந்தப் பிரியா ரவிச்சந்திரன். அவரோடு போன அன்பழகன் என்ற தீயணைப்பு வீரர் திரும்பவில்லை. நாக்பூரில் உள்ள தேசிய தீயணைப்பு சேவைக் கல்லூரியில் 2002-இல் சேர்ந்து, அங்கே பட்டம் பெற்ற முதல் பெண் ஹர்ஷினி கன்ஹேகர். மும்பையில் பெண் தீயணைப்பாளர்கள் வண்டியில் போகிறார்கள். உத்தரவு போடப் பெண் இருக்கலாம், குழாயைப் பிடிக்கப் பெண் கூடாது என்பது எனக்குப் புரியவில்லை. யாராவது விளக்கினால் அடுத்த ஆண்டு மலரில் போடலாம்.

சர்ட்டிபிகேட்டே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தச் சர்ட்டிபிகேட் என்பதுதான் விஷயம். நம் டிப்ளமோவையே நேராகக் கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரியவே தெரியாது. இந்திய விமான நிலைய ஆணையத்தின் ஜூனியர் அசிஸ்டென்ட், தீயணைப்புப் பிரிவு. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் கேட்டிருப்பது: பத்தாவதோடு மெக்கானிகல், ஆட்டோமொபைல் அல்லது பயர் பிரிவில் மூன்று வருஷ ரெகுலர் டிப்ளமோ, 50 சதவீதம் மார்க். அல்லது ரெகுலராகப் படித்த பிளஸ் டூ. கூடவே டிரைவிங் லைசென்ஸ், அதிலும் ஹெவி இருந்தால் யோகம். என் எலக்ட்ரிகலுக்கு அங்கே இடமில்லை, வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். விமானம் விழுந்தால் மூன்று நிமிஷத்துக்குள் வண்டி அங்கே நிற்க வேண்டும் என்பது உலக விதி. அந்த வண்டியை ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்த ஆட்டோமொபைல் பையன்கள் ஹெவி லைசென்ஸுக்கு இப்போதே எல்.எல்.ஆர். போடுவதைப் பற்றி யோசிக்கலாமே!

இந்தியன் ஆயில் மாதிரி சுத்திகரிப்பு ஆலைகளின் தீயணைப்புப் பிரிவு அறிவிப்புகளில் நாக்பூர் கல்லூரியின் சப் ஆபீசர் கோர்ஸ் அல்லது அதற்கு இணையானது, கூட ஹெவி லைசென்ஸ் என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையிலும் தீயணைப்புக் காவலர் உண்டு, அது பிளஸ் டூ அறிவியல் படித்தவர்களுக்கு. நம் மாநிலத்தில் நிலைய அலுவலராக நேரடியாகச் சேரப் பட்டப்படிப்பு வேண்டும். லேட்டரலில் போகிறவர்கள் அதைக் குறித்துக்கொள்ளவும்.

இன்னொரு குழப்பம். தீயணைப்பாளர் வேறு, தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலர் வேறு. போஸ்டர்காரர்கள் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறார்கள். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் 1000 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அலுவலர் கட்டாயம் என்றது. 2020-இல் வந்த சட்டத் தொகுப்பு அதை 500 ஆகவும், ஆபத்தான ஆலைகளுக்கு 250 ஆகவும் குறைத்திருக்கிறது. ஆக அந்த வேலைகள் கூடத்தான் போகின்றன. ஆனால் அதற்கு டிப்ளமோ அல்லது டிகிரி, பல வருஷ அனுபவம், அதன் மேல் சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் போன்ற இடத்தில் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ வேண்டும். நாம் டிப்ளமோ முடித்து, சில வருஷம் ஷாப் புளோரில் வேர்வை சிந்தி, அதன் பிறகு போக வேண்டிய வழி. மாடி வகுப்பு அதற்குக் குறுக்கு வழி இல்லை.

நான் மந்திரியாக இருந்தால் (சிரிக்காதீர்கள், இது ஆண்டு மலர், இங்கே யாரும் மந்திரி ஆகலாம்) ஒரே ஒரு உத்தரவு போடுவேன். இப்படிப்பட்ட கோர்ஸ் நடத்துகிற ஒவ்வொரு இடத்திலும் வாசலில் உயரம் அளக்கும் கோல் ஒன்றை நட வேண்டும். பணம் வாங்குவதற்கு முன் பையனை அதில் நிறுத்தி, ரசீதில் உயரத்தையும் எழுதி, 'இந்தச் சான்றிதழ் இன்னின்ன அரசுத் தேர்வில் கணக்கில் எடுக்கப்படாது' என்று தமிழில் அச்சடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒருத்தர் சேர்கிறார் என்றால் அது அவர் விருப்பம்.

நம் காலேஜுக்கும் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். கூப்பிட்டால் நிலையத்திலிருந்து வண்டியோடு வந்து செய்து காட்டுவார்கள். கெமிஸ்ட்ரி லேபின் சிவப்பு மணல் வாளியில் மணலைவிடப் பேப்பர் கப்பும் சாக்பீஸ் துண்டும்தான் அதிகம் என்பது நமக்குத் தெரியும், போட்டது யார் என்பதும் தெரியும்.

அண்ணன் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்பீர்கள். தீயணைப்புக் கருவிகளுக்கு ரீபில் போடும் ஒரு கடையில் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறார். அந்த மாடியில் கற்றதைவிட அங்கே ஒரு மாதத்தில் கற்றது அதிகம் என்கிறார். பவுடர் சிலிண்டரை அவ்வப்போது கவிழ்த்துக் குலுக்கவில்லை என்றால் உள்ளே கட்டி தட்டிவிடும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் பிரஷர் முள் கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அவர் சொல்லிக் கொடுத்ததுதான். சங்கிலி மீண்டு வந்துவிட்டது. லேமினேஷனைச் சாமி படத்துப் பக்கத்திலிருந்து எடுத்து, அதன் பின்பக்கத்தில் கடைக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என்னைச் சுவரோடு நிறுத்தி, தலையில் ஸ்கேலை வைத்து, பென்சிலால் கோடு போட்டு, டேப்பால் அளந்தார். மூன்று தடவை அளந்தார். 171.3. "போதும்லே" என்றார், அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. திரும்பி வரும்போது கடையிலிருந்து ஒரு பழைய மணிலாக் கயிறு கொடுத்து அனுப்பினார்.

அது இப்போது ஹாஸ்டலுக்குப் பின்னால் வேப்ப மரத்தில் தொங்குகிறது. வார்டன் சாரிடம் அனுமதி வாங்கியாயிற்று. 5 மீட்டரில் ஒரு சிவப்புத் துணி, 6 மீட்டரில் இன்னொன்று கட்டியிருக்கிறேன். முதல் துணியை இந்த மாதம்தான் தொட்டேன். காலை ஐந்தரைக்கு வருகிறவர்கள் உள்ளங்கைக்குக் கொஞ்சம் சாம்பலோ சாக்பீஸ் தூளோ கொண்டுவரவும், முதல் வாரம் தோல் உரியும். உயரம் அளக்க டேப் என்னிடமே இருக்கிறது, கட்டணம் கிடையாது.